நாலு பக்கக் கம்பியும் காற்றோட்டமும்: ஒரு மறுப்பு

ட்வார்ஃப் ஹாம்ஸ்டர் வாங்கப் போகிறவருக்குக் கிடைக்கும் முதல் யோசனை எப்போதும் ஒன்றுதான்: நாலு பக்கமும் கம்பி இருக்கிற கூண்டாகப் பார்த்து எடுங்கள், அப்போதுதான் காற்றோட்டம் இருக்கும். சென்னையில் செல்லப்பிராணி விற்கும் கடைகளில் இதைத்தான் சொல்கிறார்கள். ஏற்கெனவே வளர்க்கிறவர்களும் இதையே வழிமொழிகிறார்கள். கண்ணாடித் தொட்டி என்று வாயெடுத்தால், "ஐயோ, அதுல மூச்சு முட்டிச் செத்துப்போயிடும்" என்று பதில் வருகிறது. இந்த யோசனை தவறு. இதைக் கேட்டு நடக்கும் வீடுகளில் அந்தச் சின்னப் பிராணி தன் ஒன்றரை, இரண்டு வருட ஆயுளையும் அல்லல்பட்டே கழிக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் குறை வைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹாம்ஸ்டரின் சிறுநீரிலிருந்து அமோனியா வருகிறது. தரையோடு தரையாக மூக்கை வைத்து வாழும் உயிருக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகிறது. மூடிய தொட்டியில் அந்த வாயு தங்கும், கம்பிக் கூண்டில் தங்காது. நம் ஊர் வெயிலில் கண்ணாடிப் பெட்டி கொதிக்கும், கம்பிக் கூண்டில் ஃபேன் காற்று படும். உள்ளங்கைக்குள் அடங்குகிற பிராணிக்கு ஒன்றரை அடிக் கூண்டே தாராளம். கழுவ, தூக்க, பார்க்க எல்லாவற்றுக்கும் வசதி. இவ்வளவுதான் அந்த வாதம்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. அமோனியா கெடுதல்தான், வேலையிடத்தில் மனிதர்களுக்கே 25 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் வரம்பு சொல்லியிருக்கிறது. வெயில் படும் ஜன்னலோரத்தில் கண்ணாடித் தொட்டியை வைத்தால் உள்ளே இருப்பது சாகும். கலர் கலராகக் குழாய் பொருத்திய பிளாஸ்டிக் கோட்டைகளின் உட்சுவரில் ஈரம் வியர்த்து நிற்பதும் உண்மை. அவற்றை நானும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் இவற்றிலிருந்து "ஆகவே கம்பிக் கூண்டு" என்ற முடிவு வராது. ஏன் வராது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. காற்றைக் கெடுப்பது எது என்று யாராவது கேட்டார்களா? ரோபரோவ்ஸ்கி வகை 20 முதல் 25 கிராம். கேம்ப்பெல், வின்டர் வைட் வகைகள் 30 முதல் 50 கிராம். இந்த எடையுள்ள ஓர் உயிர் மூச்சு விடுவதால், மேலே திறந்திருக்கும் பெரிய தொட்டியில் காற்று கெட்டுவிடாது. கெடுப்பவை அமோனியா, ஈரம், தூசி ஆகிய மூன்றும்தான்.

அமோனியா சிறுநீரோடு அப்படியே வெளியே வருவதில்லை. சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது உண்டாகிறது. அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். எனவே எவ்வளவு அமோனியா வரும் என்பது சிறுநீர் எதில் விழுகிறது, எத்தனை நாள் அங்கேயே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. சுவர் கம்பியா கண்ணாடியா என்பது அதற்குப் பிறகுதான்.

கடையில் காட்டும் கம்பிக் கூண்டின் அடித்தட்டைப் பாருங்கள். 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், விளிம்பு நாலு செ.மீ. உயரம். அதில் ஐந்து லிட்டர் பெட்டிங்கூட, அதாவது தரையில் பரப்பும் காகிதத்துகள்கூட, பிடிக்காது. அதற்கு மேல் போட்டால் கம்பி வழியே கூடம் முழுக்கச் சிந்தும். நாலடிக்கு ஒன்றரை அடி தொட்டியில் 25 செ.மீ. உயரத்துக்குப் போட்டால் சுமார் 135 லிட்டர் வரும். கிட்டத்தட்ட 28 மடங்கு. ஒரே பிராணி, அதே அளவு சிறுநீர். ஐந்து லிட்டர் காகிதத்துகள் மூன்றே நாளில் நாறிப்போகிறது என்றால் குற்றம் தட்டுடையது. நாற்றத்தை நாலு பக்கமும் பரப்பி விடுகிற கம்பிக்கு இதில் என்ன பெருமை?

இடம் இருந்தால் ட்வார்ஃப் ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் ஒரே மூலையில், அல்லது மணல் குளிக்கும் தட்டில், சிறுநீர் கழிக்கும். தூங்கும் கூட்டைத் தள்ளி வைத்துக்கொள்ளும். தினமும் அந்த ஈர மணலை ஒரு கரண்டியால் அள்ளிப் போட்டால் அமோனியா உண்டாகவே நேரம் கிடைக்காது. ஒன்றரை அடிக் கூண்டில் கழிப்பிடம், கூடு, தானியச் சேமிப்பு மூன்றும் ஒரு சாணுக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர் வாராவாரம் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுகிறார். தன் வாசனை மொத்தமும் அழிந்துபோன இடத்தில் பிராணி மிரண்டுபோய் மறுபடி வாசனை வைக்கிறது. அடுத்த வாரம் மீண்டும் அதே கூத்து.

தூசி விஷயத்தில் கம்பிக் கூண்டு இன்னும் மோசம். தச்சுப் பட்டறையில் சும்மா கிடைக்கிறது என்று மரத்தூள் வாங்கிவந்து போடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பொடி மூக்கையும் கண்ணையும் அரிக்கும். மணம் வீசுகிற மரங்களின் தூளாக இருந்தால் இன்னும் கெடுதல். அதன் மேல் ஃபேனையும் போட்டால், காற்றோட்டம் என்று நாம் நினைப்பது அந்தப் பிராணிக்குத் தூசிப் புயல்.

2. அமோனியா கனமான வாயு, கண்ணாடித் தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும் என்பது தவறான தகவல். அமோனியாவின் மூலக்கூறு எடை 17. காற்றின் சராசரி 29. அமோனியா காற்றைவிட இலேசு. ஈரம் கிடக்கும் இடத்தருகே அது செறிந்திருக்கும். அது எந்தக் கூண்டிலும் அப்படித்தான். தொட்டியின் மேற்பக்கம் முழுக்கத் திறந்து கம்பிவலை போட்டிருந்தால் அது மேலேறிப் போக வழி இருக்கிறது. மூச்சுமுட்டிச் சாகும் என்று சொல்லும் கதைகளில் எல்லாம் மேலே கண்ணாடி மூடியோ, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தகடோ இருந்திருக்கும். மீன் தொட்டிக்கு வாங்கிய மூடியை அப்படியே கவிழ்த்துவிட்டுத் தொட்டி மேல் பழி போடுவது நியாயமில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். உயரமாகவும் குறுகலாகவும் இருக்கும் தொட்டியில் காற்று மாறத் தாமதமாகும். பெட்டிங்கின் மேல்மட்டத்திலிருந்து விளிம்பு வரை உள்ள சுவர் உயரம், தொட்டியின் அகலத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டியில் முக்கால் அடிக்குப் பெட்டிங் போட்டால், மிச்சச் சுவர் ஒன்றேகால் அடி. கணக்கு சரியாகிவிடுகிறது.

3. காற்று வேறு, குளிர்ச்சி வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த விவகாரத்தில் உயிரை வாங்குகிற தவறு.

ஃபேன் நமக்கு ஏன் குளுமை தருகிறது? நம் தோலில் வியர்வை இருக்கிறது, காற்று பட்டு அது ஆவியாகிறது, உடம்புச் சூடு இறங்குகிறது. ஹாம்ஸ்டருக்கு நம்மைப்போல வியர்ப்பதில்லை. நாயைப்போல நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் அதற்கு வராது. போதாததற்கு அடர்த்தியான ரோமம். அறையில் 38 டிகிரி இருந்தால், கம்பி வழியாக அதன் மேல் படுவதும் 38 டிகிரிக் காற்றுதான். நமக்கு இதமாக இருக்கிறதே என்று ஃபேனடியில் கூண்டை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர், சாயங்காலம் வந்து பார்க்கும்போது அது மல்லாந்து, எச்சில் ஒழுகி, நனைந்த மோவாயோடு கிடக்கும். காற்றோட்டத்தில் ஒரு குறையும் இருந்திருக்காது.

ஆய்வுக்கூட விலங்குப் பராமரிப்புக்கான அமெரிக்க வழிகாட்டி ஹாம்ஸ்டருக்குச் சொல்லும் வெப்பநிலை 20 முதல் 26 டிகிரி. அக்னி நட்சத்திர நாட்களில் சென்னை வீட்டுக்குள் இந்த வெப்பநிலை எத்தனை மணி நேரம் இருக்கிறது? "ரோபரோவ்ஸ்கி பாலைவனத்துப் பிராணிதானே, தாங்கும்" என்று இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கோபிப் பாலையிலும் வடசீன மணல்வெளியிலும் வாழ்வது உண்மை. ஆனால் பகல் வெயிலில் அது வெளியே சுற்றுவதில்லை. நாள் முழுக்க மண்ணுக்குள் கிடந்துவிட்டு இருட்டிய பிறகுதான் வெளியே வருகிறது. கஸகஸ்தான், மேற்கு சைபீரியப் புல்வெளிகளிலிருந்து வந்த வின்டர் வைட் கதையும் அதேதான். மங்கோலியப் புல்வெளியில் கேம்ப்பெல் தோண்டும் வளை ஒரு மீட்டர் ஆழம் வரை போகும். வெயிலுக்கும் குளிருக்கும் இந்த இனம் கண்டுகொண்ட தீர்வு ஆழம்தான். நாலு செ.மீ. தட்டில் நாம் அதனிடமிருந்து பறித்துக்கொள்வது அந்த ஒரே தீர்வை.

தொட்டிக்குள் 25 செ.மீ. காகிதத்துகள் போட்டுவிட்டால் மே மாதச் சென்னை சைபீரியாவாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பகல் சூடு ஏற ஏற அடிப்பகுதி மேலே இருப்பதைவிட மெதுவாகச் சூடாகும், அவ்வளவே. கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத அறையில், தரைமட்டத்தில் தொட்டியை வைக்க வேண்டும். மெருகு பூசாத ஒரு மண்சட்டியைப் பாதி புதைத்துக் கவிழ்த்து, வாய்ப்பக்கம் நுழைய வழி விடுங்கள். ஒரு துண்டு கிரானைட்டோ தரை ஓடோ உள்ளே கிடக்கட்டும். சூடு தாங்காதபோது அதன் மேல் வயிற்றை அப்பிக்கொண்டு படுக்கும். மதியத்தில் அறை 32, 33 டிகிரியைத் தாண்டுகிறது, ஏசி கிடையாது என்றால் எந்தக் கூண்டும் காப்பாற்றாது. அந்த வீட்டுக்கு ஹாம்ஸ்டர் ஏற்றதல்ல. விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார் என்பதால் நான் சொல்லிவைக்கிறேன்.

4. கம்பியே ஒரு காயம். இரவு பதினொரு மணிக்குக் கம்பிக் கூண்டுள்ள வீட்டில் இருந்து பாருங்கள். பெரம்பூரில் உறவினர் வீட்டில் நான் பார்த்தது இது. முன்னங்கால் இரண்டாலும் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேல்பல்லைக் கம்பியில் கொடுத்து, இடமிருந்து வலமாக இழுத்து இழுத்துக் கடிக்கிறது. கம்பியில் பச்சைப் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிகிறது. மூக்குத் தண்டில் ஒரு அரிசி அளவுக்கு முடி போய்ச் சிவந்திருக்கிறது. "வெளில வந்து வெளயாடணும்னு கேக்குது" என்று அந்த வீட்டுப் பெண் ஆசையோடு கதவைத் திறந்தாள். திறந்ததும் அது அவள் கையைத் தாண்டி மூலையைப் பார்த்து ஓடியது.

இது கொஞ்சல் அல்ல என்பதற்கு ஆய்வு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்னில் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 செ.மீ. ஆழப் பெட்டிங்கில் தனித்தனியே வைத்துப் பார்த்தார்கள். 10 செ.மீ. கூட்டம் மற்ற இரண்டையும்விடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாகக் கம்பியைக் கடித்தது. அதே குழுவினரின் 2007 ஆய்வு 1,800 முதல் 10,000 சதுர செ.மீ. வரை நாலு அளவுக் கூண்டுகளை ஒப்பிட்டது. நாலிலும் கம்பி கடித்தல் இருந்தது, சிறிய கூண்டில் அதிக நேரம் நீடித்தது. இவை சிரிய ஹாம்ஸ்டர்கள், ட்வார்ஃப் அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். மறுக்கட்டும். வளை தோண்டி வாழும் நெருங்கிய உறவினங்களில் ஒன்றைப் பத்து செ.மீ. ஆழமே இப்படி ஆட்டி வைத்தது என்றால், நாலு செ.மீ. ஆழம் மற்றதற்குப் போதும் என்று நிரூபிக்க வேண்டிய கடமை கம்பிக் கூண்டு விற்கிறவருக்குத்தான்.

கம்பி இடைவெளியும் இருக்கிறது. சந்தையில் வரும் கூண்டுகள் பலவற்றில் கம்பிகள் ஒரு செ.மீ. தள்ளி நிற்கின்றன, பெரிய ஹாம்ஸ்டருக்கு என்று செய்தவை. மண்டை நுழைந்தால் ட்வார்ஃபின் உடம்பும் நுழையும். குட்டிகள் சர்வசாதாரணமாக நழுவும். ஏழு மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் அது ட்வார்ஃபுக்குக் கூண்டே அல்ல. ஏறி விழுந்து கால் மாட்டிக்கொள்வதும், கம்பித் தளத்தில் நடந்து பாதம் புண்ணாவதும் தனிக் கணக்கு.

5. வீட்டுக் காற்று என்ன சுத்தமா? நாலு பக்கமும் திறந்த கூண்டு அறையில் உள்ள காற்றை அப்படியே உள்ளே விடும். கொசுவத்திப் புகை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, காய்ந்த மிளகாய் தாளித்த நெடி, எல்லாம் அதில் அடக்கம். தொட்டியும் புகையைத் தடுக்காது; எங்கே வைக்கிறோம் என்பதே இதற்கு விடை. ஆனால் காற்றோட்டம் வேண்டும் என்று கம்பிக் கூண்டைக் கொண்டுபோய் பால்கனியில் மாட்டுகிறார்களே, அங்கே காக்கையின் அலகும் பூனையின் நகமும் கம்பிக்குள் வரும். தொட்டியின் சுவரை அவை தாண்டா.

6. "உலகம் முழுக்க அதைத்தானே விற்கிறார்கள்?" விற்கிறார்கள். கழற்றித் தட்டையாக அடுக்கி அனுப்பலாம், எடை குறைவு, கடையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம், உள்ளே இருப்பது நாலு பக்கமும் தெரியும். எல்லாம் சரக்குக்கும் கடைக்கும் உள்ள வசதி. கடையில் சில நாள் இருக்கும் பிராணிக்காக வந்த வடிவத்தை, அது சாகும்வரை வாழும் இடமாக நம் தலையில் கட்டிவிடுகிறார்கள். விலங்கு நலனுக்காகப் பேசுகிற ஜெர்மானியக் கால்நடை மருத்துவர் சங்கமான டி.வி.டி. (TVT) சொல்லும் குறைந்தபட்ச அளவு 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். அதாவது 5,000 சதுர செ.மீ. தரை. நம் கடைக் கூண்டில் இருப்பது 1,200. உடம்பு சிறிது என்பதால் தேவையும் சிறிதாகிவிடாது. இரவில் சக்கரத்தில் ஏறினால் இவை கிலோமீட்டர் கணக்கில் ஓடும். அந்தச் சக்கரமே 20 செ.மீ. விட்டம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு பின்னால் வளைந்தபடி ஓடும். 30 செ.மீ. அகலக் கூண்டில் அதை வைத்தால் நடக்க இடமில்லை.

அப்படியானால் காற்றோட்டத்தைப் பார்த்து வாங்கவே கூடாதா? பார்த்துத்தான் வாங்க வேண்டும், சரியான இடத்தில் பார்க்க வேண்டும். மேற்பக்கம் முழுவதும், ஒரு மூலைகூட மூடாமல், ஆறு மி.மீ. கண்ணுள்ள எஃகு வலை இருக்கட்டும். மூடி கனமாகவும் ஓரங்களில் இறுக்கமாகவும் உட்கார வேண்டும், ரோபரோவ்ஸ்கி குதிக்கும். மரப்பெட்டியாகச் செய்தால் எதிரெதிர்ப் பக்கங்களில், பெட்டிங் மட்டத்துக்கு மேலே, அகலமான வலை ஜன்னல் இரண்டு வையுங்கள். ஒரே பக்கம் நாலு ஓட்டை போடுவது போதாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கவனம் அதிகம் வேண்டும். தண்ணீர் பாட்டில் சொட்டும் இடத்துக்கடியில் கையை விட்டுப் பார்த்து, சில்லென்று ஈரம் தட்டினால் அந்தப் பகுதியை மட்டும் அள்ளி மாற்றுங்கள். பூஞ்சை பிடிப்பது அங்கிருந்துதான். குனிந்து, பெட்டிங் மட்டத்தில் மூக்கை வைத்து முகருங்கள். நின்றபடி முகர்ந்தால் உங்கள் உயரத்துக் காற்றுதான் தெரியும். அங்கே கண்ணில் உறைத்தால் காற்றோட்டம் போதவில்லை, அல்லது கழிப்பிடத்தை அள்ளவில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

7. காசும் இடமும். "இவ்வளவு பெரிய தொட்டிக்கு எங்கே போவது" என்ற கேள்விக்குக் கொளத்தூரில் பதில் இருக்கிறது. வண்ணமீன் கடைகள் வரிசையாக உள்ள அந்தப் பகுதியில் சொன்ன அளவுக்குக் கண்ணாடித் தொட்டி ஒட்டித் தருவார்கள். தண்ணீர் கசிகிறது என்று ஓரங்கட்டிய பழைய நாலடித் தொட்டியைக் கேளுங்கள். மீனுக்கு ஆகாத தொட்டி ஹாம்ஸ்டருக்குத் தாராளமாக ஆகும். அதற்கும் முடியாதவர்கள் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, மூடியின் நடுப்பகுதி முழுவதையும் அறுத்தெடுத்து வலை வைத்து போல்ட் போட்டு முறுக்கலாம். உள்ளே அரைக் கொட்டாங்குச்சி, மண்சட்டி, ஒரு தட்டு மணல். விலை உயர்ந்தது எதுவும் இல்லை. நாலடி நீளத்துக்கு வீட்டில் இடமே இல்லை என்றால், பிள்ளை எவ்வளவு அடம்பிடித்தாலும், ஹாம்ஸ்டர் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே கம்பிக் கூண்டு வாங்கி, அதில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிற வீடுகள்தான் அதிகம். அவர்களுக்கு: தொட்டி வந்ததும் பழைய கூட்டையும், பழைய பெட்டிங்கில் ஈரமில்லாத இரண்டு பிடியையும் புதியதில் சேர்த்துப் போடுங்கள், தன் வாசனை இருந்தால் சீக்கிரம் பழகும். முதல் இரண்டு மூன்று நாள் உள்ளே கை விட்டுத் தேடாதீர்கள். கண்ணிலேயே படவில்லை, செத்துவிட்டதோ என்று பயம் வரும். தானியம் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். குறைந்தால் அது அடியில் வளை தோண்டிக்கொண்டிருக்கிறது. கம்பிக் கூண்டை வைத்துக்கொள்ளலாம். இடைவெளி சரியாக இருந்தால், தொட்டியைச் சுத்தம் செய்யும் அரைமணி நேரம் பிராணியை விட்டுவைக்க உதவும்.